அணைந்த சூளையும் எஞ்சிய அறிவும்: லாங்டன் கிளாட்ஸ்டோன் மட்பாண்ட அருங்காட்சியகம்

முன்னுரை

பழைய தொழிற்கூடம் ஒன்று அருங்காட்சியகமாக மாறும்போது கட்டடம் காக்கப்படுகிறது. அதனுள் வழங்கிய தொழிலறிவும் காக்கப்படுகிறதா என்பது வேறு வினா. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில், லாங்டன் பகுதியிலுள்ள கிளாட்ஸ்டோன் பீங்கான் தொழிற்கூடத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சூளையும் சூளைக்காரரும்

இம்மட்பாண்ட வட்டாரத்தில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 2,000 புட்டிச் சூளைகள் இருந்தன. புட்டி வடிவ வெளிச்சுவர் புகைபோக்கியாகவும், காற்றோட்டத்தைச் சீராக்கும் அரணாகவும் பயன்பட்டது. கலங்கள் வெந்தது அதனுள் அமைந்த உட்சூளையில். கலங்களை இட்ட தீக்களிமண் பெட்டிகளைத் தொழிலாளர் தலையில் சுமந்து, ஏணியேறி அடுக்கினர். வாயிலைச் செங்கல்லால் அடைத்தபின் சுற்றிலுமுள்ள தீவாய்களில் நிலக்கரி இட்டனர். இரவும் பகலும் எரிந்த தீயின் நிறத்தைக் கண்டும், சோதனை வளையங்களை வெளியே எடுத்துப் பார்த்தும் சூட்டை மதிப்பிட்டவர் சூளைக்காரர். அவர் கணிப்புத் தவறினால் பலருடைய உழைப்பு பாழாகும். அவ்வறிவு ஏட்டிலிருந்து பெற்றதன்று. நீண்ட பழக்கத்தால் வந்தது.

சட்டமும் மீட்பும்

1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் நிலக்கரிச் சூளைகளின் காலத்தை முடித்துவைத்தது. எரிவாயுச் சூளைகளும் மின்சூளைகளும் அவற்றின் இடத்தைப் பெற்றன. கிளாட்ஸ்டோனில் உற்பத்தி 1960 அளவில் நின்றது. 1970 அளவில் இடிக்கப்படவிருந்த கூடம் மீட்கப்பட்டு, அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அருங்காட்சியகமாயிற்று.

எனினும், சூளை நிலைத்ததே தவிர, சுடும் அறிவு முதிய தொழிலாளரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆகவே 1978 ஆகஸ்டில், அருங்காட்சியகத்தின் முயற்சியால், லாங்டனின் வேறொரு தொழிற்கூடத்தில் பழைய முறைப்படி இறுதியாக ஒருமுறை சூளை வைக்கப்பட்டது. பட்டறிவுடையோர் பணிபுரிய, அவர்தம் செயல்முறை படமாகப் பதிவு செய்யப்பட்டது.

மறைந்த புகை

புகை அகன்றது மக்களின் நலத்திற்கே என்பதும் மறக்கத்தக்கதன்று. சிலிக்காத் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்தது. ஈயம் கலந்த மெருகுப்பூச்சு நஞ்சாயிற்று. தூய்மை செய்யப்பட்ட முற்றமும் வெளுத்த வானும் இவற்றைத் தாமாக உணர்த்துவதில்லை. கைவினையின் சிறப்பை மட்டும் காட்டும் கூடம், அதற்கு உடலால் விலை கொடுத்தோரை வரலாற்றிலிருந்து நீக்கிவிடும்.

முடிவுரை

இன்று அவ்வட்டாரத்தில் ஐம்பதுக்கும் குறைவான புட்டிச் சூளைகளே எஞ்சியுள்ளன. செங்கல்லைப் பிற்காலத்திலும் செப்பனிடலாம். தொழிலறிவைப் பதிவு செய்ய அதை உடையோர் வாழும் காலமே வாய்ப்பு. தொழிற்கூடத்தை அருங்காட்சியகமாக்கும் பணி, கட்டடத்திற்கு முன் அதில் உழைத்தோரிடமிருந்து தொடங்கவேண்டும் என்பதை 1978ஆம் ஆண்டின் அந்தச் சூளை உணர்த்துகிறது.