இரண்டு தரம் வந்த அரை மணித்தியாலம்

பழைய சம்பவப் பதிவுகளை ஒழுங்குபடுத்த நாங்கள் எழுதிய சின்ன மென்பொருளை ஒரு இரவு முழுக்கத் தானியங்கிச் சோதனையில் விட்டிருந்தோம். காலையில் லொக்கைப் பார்த்தால் ஒரு சோதனை மட்டும் தோல்வி. முதல் பதிவு 12.20. அதற்கு இருபது நிமிசம் பிந்தின பதிவு 12.10! சேர்வரின்ர மணிக்கூட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். அது சரியாகத்தான் ஓடியது. கொடுத்த திகதி 2006 ஏப்ரல் 15.

சித்திரை வருசம் பிறந்த கையோடு, அந்த நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும் இலங்கை தன்ர மணிக்கூட்டை 12.00க்குத் திருப்பியது. அந்த அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. உள்ளூர் நேரத்தை மட்டும் சேமித்து, அது யூடிசியில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்குது என்று எழுதாமல் விட்டது எங்கட பிழை.

கதை தொடங்குவது 1996இல். வறட்சி, நீர்மின்சாரம் போதவில்லை, மின்வெட்டு. மே 25இல் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் பாதியைத் திருப்பிக் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருசம் அப்படியே நின்றது. (1942இலும் யுத்தத்துக்காக நேரம் மாறியதுதான். ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பல்களோ தோக்கியோ நேரத்தில் ஓடின.)

விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய பகுதிகளில் பழைய ஐந்தரைதான். இதனால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நேரம்: துறைமுகப் பக்கம், திருமலை நகரில், ஒன்று, கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் இன்னொன்று. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் ஒரு அலுவலும் பேசேலாது.

கணினிகள் நம்பியிருக்கிற நேர வலயத் தரவில் முழுத் தீவுக்கும் 'ஏசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவுதான். புலிகள் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற ரொய்ட்டர்ஸ் செய்தி அதே கோப்பில் ஒரு குறிப்பாகக் கிடக்குது. ஆனால் குறிப்பை மனிசர்தான் வாசிப்பார்கள், கணினி அதைத் தாண்டிப் போய்விடும்.

இது வெறும் கணினிப் பிரச்சினை இல்லை. 2006 ஜனவரி 2 மாலை கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12 சந்தையில் குண்டு வெடித்தது, தொடர்ந்து தமிழர் மீது வன்முறை. நகரில் அந்த நாட்களில் ஓடியது ஆறு மணித்தியால நேரம். இன்றைய ஐந்தரையை வைத்துக் கணக்குப் பார்த்தால் பொழுதுபட்டு எவ்வளவு நேரம் என்பதே பிழைத்துவிடும். இரண்டு கரையும் ஒரே நேரத்துக்கு வந்து பத்தே நாளில், ஏப்ரல் 25இல், சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுகள் விழுந்தன.

இப்ப எங்கட படிவத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கு: எந்த ஊர், யாருடைய மணிக்கூடு. 'தெரியாது' என்றும் நிரப்பலாம். சொன்னவரின் நேரத்தை நாங்கள் திருத்துவதில்லை. மாற்றிய கணக்கைத் தனியாக எழுதுகிறோம். அந்தச் சோதனை இப்ப பாஸ்.