ஓடி முடித்த குதிரைகள்

திருப்பூருக்குப் பக்கத்தில், கோவை ரேஸ் கோர்ஸில் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்போது அங்கே மனிதர்கள் வாக்கிங் போகிறார்கள். இடம் மாறிவிட்டது, ஓடிய குதிரை மாறுமா?

பந்தயக் குதிரை சில வருடங்களே ஓடும். ஆனால் 25 வயதுக்கு மேலும் வாழும். மிச்சக் காலத்துக்குச் சவாரிப் போட்டிதான் ஒரு வழி. அங்கேதான் சிக்கல்! கூட்டத்தின் சத்தம் கேட்டதும் பழைய ஞாபகத்தில் துள்ளும். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகம் எடுக்கும். இது திமிர் அல்ல, பழக்கம்; அடித்தால் மிரளும். முதலில் போட்டியில் இறக்காமல், சாதுவான துணைக் குதிரையோடு திடலில் நடத்திக் கூட்டிவருவதே நல்ல வழி.

அமெரிக்காவின் 'டச் ஆஃப் கிளாஸ்', பந்தயத்தில் சோபிக்காத பெண் குதிரை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டி, ஜோ ஃபார்கிஸுக்கு 2 தங்கம் வாங்கித் தந்தது!