தீபாவளிக்கு மறுநாள்

தீபாவளி முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. சென்னையில இருக்கிற என் மச்சான் போன் பண்ணினாரு. "மாமா, ஊருக்கு வந்துட்டுப் போனதுல மூணு கிலோ ஏறிடுச்சு. பழையபடி சாப்பாட்டைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும், முடியல"ன்னாரு. சிரிச்சுட்டு வச்சுட்டேன். அப்புறம் வரப்புல நடக்கும்போது யோசிச்சேன். எங்க தாத்தா காலத்துல யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லையே, ஏன்?

எங்க தருமபுரிப் பக்கம் மானாவாரி பூமி. காலையில ராகிக் கூழ், ராத்திரி ராகிக் களி. தொட்டுக்கக் கொள்ளுக் குழம்போ கீரையோ இருக்கும். நெல்லுச் சோறு கண்ணுல படுறது பண்டிகை, கல்யாணம், விருந்தாளி வந்தா மட்டும்தான். நான் சின்னப் பையனா இருந்த எழுபதுகள்ல கூட, இட்லின்னா அது தீபாவளிதான். முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கல் சத்தம் கேட்டா எங்களுக்குத் தூக்கம் வராது. இட்லி, அதிரசம், முறுக்கு எல்லாம் ரெண்டு நாள் நடக்கும். மூணாம் நாள் சட்டியைத் திறந்தா உள்ள களி உருண்டை உக்காந்திருக்கும். மனக்கட்டுப்பாடுன்னு யாருக்கும் தேவைப்படல. குதிர்ல இருந்தது ராகி மட்டும்தான்.

வயித்துக்கும் ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. டவுன் வீடுகள்ல சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடிச்சு வெல்லமும் நெய்யும் சேர்த்துத் தீபாவளி லேகியம் கிண்டுவாங்க. எங்க வீட்டுல அது சுக்குக் கஷாயமும் கொள்ளு ரசமும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சொலவடையே இருக்கு.

பஞ்சாங்கத்தையும் பாருங்க. ஐப்பசி அமாவாசை கழிஞ்ச மறுநாளே கந்த சஷ்டி விரதம் ஆரம்பிச்சுடும். ஆறு நாள், சூரசம்ஹாரம் வரைக்கும். ஒரு வேளை சாப்பாடு, சில பேர் பாலும் பழமும் மட்டும். விருந்துக்குப் பின்னாடியே விரதத்தை நிறுத்தி வச்சது பக்திக்குத்தான். ஆனா அதனால வயித்துக்கும் ஓய்வு கிடைச்சது.

அப்புறம் எப்படி மாறுச்சு? 1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 வந்தது. 1966ல பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஐ.ஆர். 8 வந்தது. நெல் விளைச்சல் ஏறுச்சு. 1967 தேர்தல்ல ரூபாய்க்குப் படி அரிசிங்கிறது பெரிய வாக்குறுதி. சோத்துக்கு ஜனங்க எவ்வளவு ஏங்கிக் கிடந்தாங்கன்னு அதுலயே தெரியும். 1982ல சத்துணவு வந்தது. 2008ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011ல இலவசம். பண்டிகைச் சோறு தினச் சோறு ஆயிடுச்சு.

இதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன். பசியைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த அரிசியோட அருமை தெரியும். எங்க அம்மா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து திருகையில ராகி அரைச்சாங்க. அந்தக் கஷ்டம் இனி யாருக்கும் வேண்டாம். ஆனா ஒண்ணு நடந்துபோச்சு. தினமும் பண்டிகை ஆனதும், பண்டிகை முடிஞ்சு திரும்பிப் போக ஒரு இடம் இல்லாமப் போச்சு. மச்சான் திரும்பணும்னு சொல்றாரே, எங்கே திரும்புவாரு? அவரோட சாதாரண நாள்லயே காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை.

அவரை மட்டும் சொல்லி என்ன? நானே காசு வரும்னு ராகியை விட்டுட்டு மரவள்ளி போட்டேன். ரேஷன் அரிசியை மூணு வேளையும் சாப்பிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு தீபாவளி முடிஞ்ச வாரம், கால் எரிச்சல்னு போய் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா, தாத்தாவோட குதிர் மாட்டுக்கொட்டாய்ல ஓரமா உடைஞ்சு கிடக்கு. அன்னிக்கு அதைப் பார்க்க வெக்கமா இருந்தது.

மாத்திரையை விடல. ஆனா மறு ஆடியில அரை ஏக்கர் ராகி விதைச்சேன். இப்போ ராத்திரிக்குக் களி. ராகியும் மாவுச்சத்துதான், ரெண்டு உருண்டை தின்னா அதுவும் சர்க்கரையை ஏத்தும். அதனால ஒரே உருண்டை, கீரை நிறைய. 2023ல இருந்து எங்க மாவட்ட ரேஷன் கடையில அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகியும் கொடுக்கிறாங்க. வாங்குறவங்க வாங்குறாங்க.

மச்சானுக்குத் திரும்பப் போன் பண்ணிச் சொன்னேன்: "பண்டிகையில தின்னதுக்காக வருத்தப்படாதீங்க, அதுக்குத்தானே பண்டிகை. மத்த முன்னூத்திச் சொச்சம் நாளைப் பாருங்க. அந்த நாளுக்கு ஒரு சாப்பாட்டை முடிவு பண்ணுங்க. அப்புறம் ரெண்டு நாள் அதிரசம் தின்னாலும் மூணாம் நாள் தானா வீட்டுக்கு வந்துடலாம்."

அடுத்த வாரம் ராகி அறுப்பு. அவருக்கு ஒரு மூட்டை எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். களி கிண்ட அக்காகிட்டக் கத்துக்கறேன்னாரு, பார்ப்போம்.