மடத்துவெளியும் நன்னீரும்

மன்னர் கல்வெட்டுப் பொறிக்காத சிற்றூர்களுக்கு அவற்றின் பெயர்களே முதற் சாசனங்களாகும். யாழ்ப்பாணத் தீவகத்தில், புங்குடுதீவைச் சேர்ந்த மடத்துவெளி அத்தகையதோர் ஊர்ப்பகுதி. மடம், வெளி என்னும் இரு சொற்களால் ஆயது அப்பெயர். யாழ்ப்பாண வழக்கில் மடம் என்பது துறவியர் உறைவிடத்தை மட்டுமன்றி, வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தையுங் குறிக்கும். வெளியோ மரஞ்செறியாத திறந்த நிலம். வருவோர்க்கு நிழலும் நீரும் அளித்தலையே பெயராகக் கொண்ட ஊர் இஃது எனலாம்.

இவ்விடத்தில் மடம் வேண்டப்பட்டது ஏன் என்பதைத் தீவின் அமைப்பே உணர்த்தும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அப்பெயர்கள் ஏடுகளோடு நின்றன. இடைப்பட்டிருத்தல் என்னும் நிலை மட்டும் நீங்கவில்லை. நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்குச் செல்வோர் வேலணையைக் கடந்து, புங்குடுதீவை ஊடறுத்து, மேற்குக் கரையில் தோணியேற வேண்டியவராயினர். வாணர் பாலம் எனப் பெயர்பெற்ற தாம்போதி அமைந்தபின் வேலணையும் புங்குடுதீவும் தரைவழியால் இணைந்தன. அவ்வழியே தீவினுட் புகுவோர் முதலிற் காணும் பகுதிகளுள் மடத்துவெளியும் ஒன்று.

பழைய யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம் தனித்து நிற்பதில்லை. அதனருகே நீர் அருந்தக் கேணியும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், கால்நடை உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும் அமைத்தல் வழக்கம். மனிதருக்கு மட்டுமன்றி வாயில்லாப் பிராணிக்கும் அறஞ்செய்த பண்பாடு அது. இந்நான்கினுள்ளும் முதன்மையானது நீரே. ஏனெனில் ஆறில்லாத இத்தீவுகளில் நன்னீர் எளிதிற் கிடைக்கும் பொருளன்று.

தீவகத்தின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பொழியும் மழை அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. இதன் இயல்பை 1880களின் இறுதியில் படோன் கைபன் என்னும் ஒல்லாந்தப் பொறியாளரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் செருமானியரும் கணக்கிட்டுரைத்தனர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் முடிபு. இதன் மறுபுறமே அஞ்சத்தக்கது. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறும். தாழ்ந்த தீவொன்றில் அவ்வளவில் நன்னீர்ப் படையே இல்லாது போகும்.

இக்கணக்கை அறியாத முன்னோர், அதன் விதிக்கு இசைந்து வாழ்ந்தமை வியப்புக்குரியது. ஒருவர் துலாவின்மேல் நடந்து மிதிக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். மனித வலுவுக்கு எல்லையுண்டு; ஆதலால் இறைக்கும் நீருக்கும் எல்லையிருந்தது. மாரியில் குளங்களும் தாழ்ந்த வயல்களும் நீரைத் தேக்கி நிலத்துக்கு ஊட்டின. குளத்தைத் தூர்வாருதலும் வரம்பைக் கட்டுதலும் ஊரார் கூடிச் செய்த வேலைகள். காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. ஒரே கிணற்றில் பலருக்குப் பங்கிருந்தமையால் இறைப்பு முறைவைத்து நடந்தது. முறை தவறின் பகை; முறை நின்றால் உறவு. கோயிற் பூசைக்கும் பள்ளிச் சிறுவரின் தாகத்துக்கும் வேண்டிய நீர் இந்த ஒழுங்கினின்றே வந்தது. முருகன் கோயிலும் கமலாம்பிகை வித்தியாலயமும் மடத்துவெளி வாழ்வின் நடுவாய் விளங்க, அவ்வாழ்வின் அடியில் இருந்தது கிணறு.

ஆயினும் பழமையைப் போற்றுவோர் அதன் குறையை மறைத்தல் தகாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் பிறர் வார்க்கும் நீருக்காகக் கிணற்றடியிற் காத்து நின்ற காலம் நெடிது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பிறந்த பின்னரும் போராட்டங்கள் தேவைப்பட்டன. வழிப்போக்கனுக்கு நீரீந்த அறம் அயலானுக்கு நீரை மறுத்தது என்பது, வரலாறு எழுதுவோர் விட்டுவிடக்கூடாத உண்மை.

விளைச்சல் சுருங்கிய தீவிலிருந்து பலர் கொழும்பு முதலிய நகரங்களுக்கு வாணிகத்தின்பொருட்டுச் சென்றனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தென்னிலங்கையில் அவர்தம் முதலையும் உழைப்பையும் அழித்தன. 1991 அக்டோபரில் போர் தீவினுட் புகுந்தபோது மக்கள் பெருந்தொகையினராய் வெளியேறினர். கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் இன்று புங்குடுதீவார் சங்கம் அமைத்து வாழ்கின்றனர். ஆளில்லாத ஊரில் வீடு இடிவதைக் கண் காணும். குளம் தூர்வதையும் வரம்பு உடைவதையும் உவர் நெருங்குவதையும் நாக்கே முதலில் அறியும். வேலணைச் சாட்டியின் நன்னீரைத் தாம்போதி வழியே பவுசரில் ஏற்றிவந்து புங்குடுதீவில் வழங்கும் நிலையும் நேர்ந்தது. யாத்திரிகருக்கு நீர் வார்த்த ஊர், யாத்திரிகர் வந்த வழியாலேயே நீரை எதிர்நோக்கலாயிற்று.

வெளிநாடு சென்றோர் ஊர்ப்பற்றால் கோயில்களைப் புதுக்குகின்றனர்; பள்ளிகளுக்குப் பொருள் உதவுகின்றனர். இவை போற்றத்தக்கன. எனினும் ஊருக்கு மனிதர் திரும்புவது கோபுரத்தின் உயரத்தாலன்று, கிணற்று நீரின் சுவையாலேயே என்பதை மறத்தலாகாது. மின்பொறி பூட்டி இரவு பகலாய் இறைப்பவன் தன் பங்கை மட்டுமன்றி அயலான் பங்கையும் இறைத்து விடுகின்றான். அவ்விரு பங்குகளையும் உவருக்குத் தாரை வார்க்கின்றான். குளங்களைத் தூர்வாருதல், வரம்புகளைப் பேணுதல், இறைப்புக்கு முறை வகுத்தல், அம்முறையில் சாதி வேற்றுமையின்றி யாவரையுஞ் சேர்த்தல் ஆகிய நான்கும் செய்யப்படின், மடத்துவெளி என்னும் பெயர் பொருளோடு நிற்கும். அன்றேல் மடமின்றி வெளி மட்டுமே எஞ்சும்.