வெள்ளிச் சேணத்தில் வீசிய புயல்

1934 ஜூலை 6. நங்கா பர்பத் மலையில் 7,480 மீட்டர் உயரத்தில் அமைந்த எட்டாம் முகாமில், அன்றிரவு பதினாறு பேர் படுத்திருந்தார்கள். ஜெர்மன் குழுவினர் ஐவர், பதினோரு ஷெர்பாக்கள். பீட்டர் ஆஷன்பிரென்னரும் எர்வின் ஷ்னைடரும் பகலில் இன்னும் மேலே போய் வழி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். 8,126 மீட்டர் உச்சியை மறுநாள் தொட்டுவிடலாம் என்று எல்லோருமே நம்பினார்கள். அந்த இரவே புயல் தொடங்கியது.

குழுத் தலைவர் வில்லி மெர்க்ல் ரயில்வே பொறியாளர். 1932-இல் ஒருமுறை முயன்று தோற்றுத் திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இம்முறை ஜெர்மன் ரயில்வே ஊழியர்களின் நன்கொடையும், புதிய நாஜி அரசின் ஆசியும் அவருக்கு இருந்தன. உடன் வந்தவர்களில் வில்லோ வெல்சன்பாக் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் பெரும்பெயர். பாறை ஏற்றங்களின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்தவர். ஐந்தாமவர் உல்ரிச் வீலாண்ட். ஷெர்பாக்கள் டார்ஜிலிங்கிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஆங் செரிங், 1924-லேயே எவரெஸ்ட் குழுவோடு போய்வந்த அனுபவசாலி.

பயணம் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஜூன் 8 அன்று, குழுவைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் டிரெக்ஸல் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். அதனால் சில வாரங்கள் வீணாயின. அவரை அடக்கம் செய்துவிட்டு மீண்டும் ஏறியபோது மெர்க்ல் எடுத்த முடிவுதான், என் கணிப்பில், எல்லாவற்றுக்கும் வேர். உச்சியின் பெருமை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஐந்து பேரையும் ஒரேயடியாக மேலே கூட்டிப் போனார். ஐந்து, ஆறு, ஏழாம் முகாம்களில் ஆள் இல்லை. கீழே நான்காம் முகாமில்தான் மற்றவர்கள் இருந்தார்கள்.

இடையில் கிடந்தது நெடிய முகடு. ராக்கியோட் சிகரத்தின் தோளைத் தாண்டி, மோரன்காஃப் என்ற கரும்பாறையைச் சுற்றி இறங்கி, மறுபடி ஏறி, 'வெள்ளிச் சேணம்' என்று ஜெர்மானியர் பெயரிட்ட பனிக் கணவாய் வழியாக எட்டாம் முகாமுக்குப் போகிறது அது. இங்கே திரும்புவதென்றால் இறங்குவது மட்டுமல்ல. நடுவில் பள்ளம் இருப்பதால், களைத்துப்போன கால்கள் திரும்பி வரும்போதும் மேடு ஏறியாக வேண்டும். ஒதுங்க ஒரு பாறை மறைவும் கிடையாது. சரிவில் ஏறிவரும் காற்று முகட்டைத் தாண்டும்போது நெருக்குண்டு வேகமெடுக்கிறது. ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் இடுப்பளவு குவிக்கிறது. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனோ கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

ஜூலை 7 முழுக்கப் புயல் ஓயவில்லை. மாவு போன்ற பனித்தூள் கூடாரத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் நனைத்தது. அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை. பனியை உருக்கினால்தானே குடிக்கத் தண்ணீர்? ஒரு நாள் பொறுத்தால் வானம் தெளியும் என்று காத்திருந்தார்கள். அந்த ஒரு நாளில் உடம்பின் தெம்பு பெருமளவு கரைந்துபோனது.

8-ஆம் தேதி காலை இறக்கம் தொடங்கியது. ஆஷன்பிரென்னரும் ஷ்னைடரும் பசாங், நிமா டோர்ஜே, பின்ஸோ நோர்பு ஆகிய மூவரோடு முன்னால் போனார்கள். வெள்ளிச் சேணத்துக்குக் கீழே செங்குத்துச் சரிவில் காற்று நிமா டோர்ஜேயைப் படியிலிருந்து தூக்கி எறிந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அவர் முதுகில் இருந்த உறக்கப் பைகளைப் புயல் பறித்துக்கொண்டது. அவை நேர் கிடையாகப் பறந்து முகட்டுக்கு அப்பால் மறைந்தன. அந்த ஐவரின் இரவுப் பாதுகாப்பும் அவற்றோடு போயிற்று.

பிறகு நடந்ததை எழுதவே மனம் கனக்கிறது. ஆஷன்பிரென்னரும் ஷ்னைடரும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்னால் வரும்படி சொல்லிவிட்டு, அன்று மாலையே நான்காம் முகாமை அடைந்தார்கள். மெர்க்லின் குழு அருகிலேயே வருகிறது என்று எண்ணியிருந்ததாகச் சொன்னார்கள். இதுபற்றிப் பின்னாளில் ஜெர்மனியிலேயே கடும் விவாதம் எழுந்தது. கயிறு அவிழ்க்கப்பட்ட மூவரில் உயிரோடு கீழே வந்தவர் பசாங் ஒருவர்தான்.

பின்னால் வந்த பதினொரு பேர் ஏழாம் முகாமைக்கூட எட்டவில்லை. வெட்டவெளிப் பனியிலேயே இரவைக் கழித்தார்கள். போதிய உறக்கப் பைகள் இல்லை. விடிவதற்குள் நிமா நோர்பு இறந்துபோனார். மறுநாள் வீலாண்ட், ஏழாம் முகாமின் கூடாரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆங் செரிங், கெய்லே, டாக்ஷி மூவரும் மேலேயே தங்கினார்கள். டாக்ஷி அங்கேயே மாண்டார்; மற்ற இருவரும் பிறகு ஏழாம் முகாமுக்கு இறங்கி வந்தார்கள்.

ஷெர்பாக்கள் நால்வர் ஜூலை 10 அன்று, கை கால் உறைந்த நிலையில், நான்காம் முகாமை வந்தடைந்தார்கள்: பசாங், கிதார், பசாங் கிகுலி, டா தொண்டுப். அவர்களோடு வந்த நிமா டோர்ஜேயும் நிமா டாஷியும் ராக்கியோட் சிகரச் சரிவில், கட்டியிருந்த கயிறுகளிலேயே உயிர்விட்டார்கள். பின்ஸோ நோர்பு ஐந்தாம் முகாமின் கூடாரத்துக்குச் சில அடி முன்னால் விழுந்து இறந்தார். கீழிருந்து உதவிக்கு ஏறியவர்களை இடுப்பளவுப் பனி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியது.

ஏழாம் முகாமில் 12-ஆம் தேதி இரவு வெல்சன்பாக் இறந்தார். மிஞ்சியவர்கள் மூவர்: மெர்க்ல், கெய்லே, ஆங் செரிங். இரண்டு பனிக்கோடரிகளை ஊன்றி மெர்க்ல் தடுமாறி நடந்தார். மோரன்காஃப் ஏற்றத்துக்கு முன்னால் அவரால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. பனியைக் குடைந்து ஒரு குகை செய்து உள்ளே ஒடுங்கினார்கள்.

அங்கிருந்து உதவி கேட்டு ஆங் செரிங் தனியாகப் புறப்பட்டார். எட்டாம் முகாமை விட்டு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது. உறைந்த பாதங்களோடு அந்த மேட்டை ஏறி, ராக்கியோட் சரிவில் இறங்கி, நான்காம் முகாமை அடைந்தார். மேலே நடந்த கடைசி நாட்களைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் அவர் சொல்லித்தான். கெய்லே மெர்க்லோடு தங்கிவிட்டார். முகட்டிலிருந்து உதவி கோரும் குரல் காற்றில் மிதந்து வந்ததைக் கீழே கேட்டிருக்கிறார்கள். பிறகு அதுவும் நின்றது.

அந்தப் புயலில் மூன்று ஜெர்மானியரும் ஆறு ஷெர்பாக்களும் மாண்டனர். அன்றைய செய்திகள் மூவரைத்தான் வீரர்களாகக் கொண்டாடின. ஆறு பேரின் பெயர்களை இங்கே ஒவ்வொன்றாக எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான். 1938-இல் பால் பவர் தலைமையில் வந்த குழு மோரன்காஃப் அருகே மெர்க்ல், கெய்லே இருவரின் உடல்களையும் கண்டெடுத்தது. ஜூலை 10 தேதியிட்டு வெல்சன்பாக் உதவி கேட்டு எழுதிய கடிதம் மெர்க்லிடம் இருந்தது. கொண்டு சேர்க்க ஆள் இல்லாமல் நான்கு ஆண்டுகள் அங்கேயே கிடந்திருக்கிறது.

தப்பிய பசாங் கிகுலி 1939-இல் கே-2 மலையில், மேல் முகாமில் சிக்கிய டட்லி வுல்ஃபை மீட்கப் போய்த் திரும்பவில்லை. கால் விரல்களை இழந்த ஆங் செரிங் டார்ஜிலிங்கில் நெடுநாள் வாழ்ந்து 2002-இல் மறைந்தார்.

இதற்கிடையே 1937-இல் ஜெர்மானியர் நங்கா பர்பத்துக்கு மீண்டும் வந்தார்கள். இம்முறை முகட்டுக்குப் போகும் முன்பே, நான்காம் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த பதினாறு பேரைப் பனிச்சரிவு மூடியது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.