செடியால் பிறந்த மீன்தொட்டி

ஓமலூர்ப் பக்கம் வீட்டுக்கு மீன்தொட்டி வாங்குகிறவர்கள் முதலில் மீனைப் பார்க்கிறார்கள், அடுத்து குமிழி விடும் மோட்டாரை. செடி கடைசியில்தான், அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனால் இந்தத் தொட்டி பிறந்ததே செடியால்.

1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளை நீருக்குள் அமிழ்த்தி, வெயிலில் குமிழிகள் எழுவதையும் இருட்டில் அவை நின்றுபோவதையும் காட்டினார். பள்ளியில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைப் புனலுக்குள் வைத்துச் செய்த சோதனைக்கு மூலம் இதுதான். எழுபது ஆண்டு கழித்து, லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், வெளிச்சத்தில் செடி ஆக்சிஜன் விடும் என்ற அந்த உண்மையை நம்பி உயிர்களையே குடிவைத்தார். 12 காலன் பாத்திரம், இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி ஒன்று. மீன் விட்ட கரியமில வாயுவைச் செடி எடுத்தது, ஆக்சிஜனைத் திருப்பித் தந்தது. ஆனாலும் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டையும் குஞ்சும் மீனுக்குத் தீனியாயின. நீர் தெளிந்தது. 1850 மார்ச்சில் வேதியியல் கழகத்தில் இதை அறிவித்தார். என் பார்வையில் அந்த நத்தைதான் பெரிய கண்டுபிடிப்பு: கழிவைத் தின்ன ஓர் உயிர் இல்லாமல் மீனும் செடியும் மட்டும் குடித்தனம் நடத்த முடியாது.

காலமும் ஒத்துழைத்தது. 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறந்தது. மீன்தொட்டி மோகம் வீடுகளுக்குப் பரவியது. மின்சாரக் காற்றுப் பம்புகள் வந்த பிறகே செடி வெறும் அலங்காரமானது.

நம் பக்கத்து நீர்ச்செடிகளும் இந்த மோகத்தில் கப்பலேறின. 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடா போன ஹைட்ரில்லா, தாம்பா கால்வாயில் கொட்டப்பட்டுப் பரவி, இன்றும் அங்கே பெருங்களையாக இருக்கிறது. தொட்டிச் செடியை ஓடையிலோ ஏரியிலோ எறியக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்த்திசையில் நம்மிடம் வந்த செடியும் உண்டு: நம் வீடுகளில் பாட்டிலில் வளரும் மணி பிளாண்ட் பசிபிக் தீவான மோரேயாவிலிருந்து வந்தது. அதன் வேரை மட்டும் தொட்டி நீரில் விட்டு, இலையை வெளியே படரவிடுங்கள். இலை காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். வேர், மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சும்.

போர் தண்ணி உப்பாக இருக்கிறதே என்று இங்கே பலர் செடி வளர்க்கத் தயங்குகிறார்கள். விலை உயர்ந்த வெளிநாட்டுச் செடிகள் பலவற்றுக்கு மென்னீர் வேண்டும் என்பது மெய். ஆனால் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் இத்தகைய கடின நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்க வல்லவை. முதலில் அவற்றை நடுங்கள், வெளிச்சம் கொடுங்கள். புது இலை விட்ட பிறகு மீனை விடுங்கள், அதுவும் ஒன்றிரண்டாக.