இரண்டே பேர்

போர் ஓவியம் என்றாலே குதிரை, கொடி, வாளோடு ஒரு தளபதி என்றுதான் நமக்குப் பழக்கம். ரஷ்ய ஓவியர் வசீலி வெரெஷ்சாகின் 1878-79இல் வரைந்த 'தோற்றவர்கள்: இறந்தோர் வழிபாடு' ஓவியத்தில் இதெல்லாம் கிடையாது. மேலே சாம்பல் மேகம், கீழே காய்ந்த புல்வெளி. இடது ஓரத்தில் தூபக்கலசத்தோடு ஒரு பாதிரியார், அவர் பின்னால் ஒரு படைவீரர். இவங்க யாருக்காக ஜெபம் செய்றாங்க என்று தேடினால், புல்லுக்குள் வரிசை வரிசையாக நிர்வாண உடல்கள்.

1877-78 ரஷ்ய-துருக்கிப் போரில் ஓவியரே காயம்பட்டார். அவர் தம்பி செர்கேய் பிளெவ்னாவில் மடிந்தார். போரில் கடைசியில் வென்றது ரஷ்யாதான். ஆனால் இந்த ஓவியத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தன் பக்கம் தோற்ற ஒரு களத்தை. கிடப்பவர்களில் இவர்தான் தம்பி, இவர்தான் அதிகாரி என்று யாரையும் தனியாகக் காட்டவில்லை.

நான் பொறியாளன், எதையும் எண்ணிப் பார்த்துப் பழகியவன். இங்கே எண்ண ஆரம்பித்தால் முடியாது. உடல்கள் தொடுவானம்வரை போகின்றன. துக்கத்துக்கு வந்தவர்களோ இரண்டே பேர். அழுகிற முகம் ஒன்றுகூட வேண்டாம், அந்த விகிதம் போதும். ராணுவ அறிக்கையில் இந்தக் கணக்கு வராது. அதற்குத்தான் ஓவியம் வேண்டியிருக்கிறது.